தோட்டத்தில் நிஜ அளவுக் காட்டுயிர் சிற்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டு விலங்குகளையும் பறவைகளையும் அவற்றின் நிஜ அளவிலேயே, பெரும்பாலும் வெண்கலத்தில், தோட்டங்களுக்காகச் செய்து தருகிறேன். சிற்பம் வேண்டும் என்று வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் வருஷத்துக்கு வருஷம் பெரிதாக மாறுவதில்லை. அதனால் என் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நிஜ அளவு என்றால் டேப் வைத்து அளந்த அளவா?

ஏறக்குறைய ஆமாம். சாம்பல் நாரை கழுத்தை நீட்டி நின்றால் 90 செ.மீ.க்கு மேல் வரும். ஆண் புள்ளிமானின் தோள் உயரமும் சுமார் 90 செ.மீ.தான், கொம்பும் தலையும் அதற்கு மேலே. சிறுத்தையின் தோள் 60 முதல் 70 செ.மீ. வரைதான் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை, ஏனென்றால் படத்திலும் திரையிலும் பார்த்துப் பார்த்து அது மனதில் பெரிதாகிவிட்டது. ஆனால் அந்த 65 செ.மீ. உடம்பு உங்கள் தொடைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்போது வயிற்றுக்குள் ஏதோ ஒன்று இறுகும் பாருங்கள், அதற்காகத்தான் நான் நிஜ அளவை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பாதி அளவில் செய்தால் அது பொம்மை, இரண்டு மடங்கில் செய்தால் அது நினைவுச் சின்னம். நிஜ அளவில் இருந்தால் மட்டும்தான் உங்கள் உடம்பு அதை இன்னொரு உடம்பாக எடுத்துக்கொள்கிறது.

ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். வெட்டவெளி எதையும் சிறிதாக்கிக் காட்டும். பட்டறைக்குள் இடத்தை அடைத்துக்கொண்டு நின்ற மான், பெரிய புல்வெளியின் நடுவே கொண்டுபோய் வைத்ததும் ஆடு மாதிரி ஆகிவிடும். அப்படிப்பட்ட இடமென்றால் நான் பத்து சதவீதம் வரை கூட்டிச் செய்கிறேன், யாரும் கண்டுபிடிப்பதில்லை, "சரியான அளவில் இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். புதர்களுக்கு நடுவே, சுவரோரமாக என்றால் கூட்டத் தேவையில்லை.

தோட்டம் சின்னது. எந்த விலங்கு பொருந்தும்?

முயல், ஆந்தை, உடும்பு, ஆமை, நீர்நாய், நாரை. சின்ன இடத்தில் ஒரு முயல் தரும் சந்தோஷத்தை யானை தராது. உங்கள் இடத்துக்கு உண்மையிலேயே வந்து போகக்கூடிய உயிராக இருந்தால் இன்னும் நல்லது. இதுதான் நான் திரும்பத் திரும்பச் சொல்வது: விலங்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு இடம் தேடாதீர்கள், இடத்தை ஒரு வாரம் பார்த்துவிட்டு அங்கே எது வந்து நிற்கும் என்று யோசியுங்கள்.

எங்கே வைப்பது? பீடம் வேண்டாமா?

நிஜ அளவு விலங்குக்குப் பீடம் கூடவே கூடாது என்பது என் கருத்து. மானைத் தூக்கி மேடை மேல் வைத்த அந்த நிமிஷமே அது பரிசுக் கோப்பை ஆகிவிடுகிறது. பாதம் மண்ணில் இருக்க வேண்டும், புல் குளம்பைச் சுற்றி வளர வேண்டும். தாங்கும் தகடு, போல்ட் எல்லாம் மண்ணுக்கு அடியில் போய்விடும்.

அடுத்து, அது எதைப் பார்க்கிறது என்பது முக்கியம். வீட்டைப் பார்த்து நிற்கிற விலங்கு போட்டோவுக்கு நிற்பது மாதிரி இருக்கும். நாரை தண்ணீரைப் பார்க்கட்டும், மான் வேலிக்கு அந்தப் பக்கம் ஏதோ சத்தம் கேட்டதுபோல் தலையைத் திருப்பட்டும். நீங்கள் ஜன்னலிலிருந்து பார்க்கும்போது அது உங்களைக் கவனிக்கவில்லை என்ற உணர்வு வந்தால் இடம் சரி.

வெளிச்சத்தையும் பாருங்கள். அடர்ந்த நிழலில், கரும்பச்சைச் செடிகளுக்கு முன்னால், கரும்பழுப்பு வெண்கலம் காணாமலே போய்விடும். காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெயில் ஒரு பக்கமாக விழும் இடம்தான் சிறந்தது, முதுகுத் தசையின் மேடு பள்ளம் அப்போதுதான் எழுந்து தெரியும்.

எனக்குத் தெரிந்த மிக மலிவான சோதனை இது: பழைய அட்டைப் பெட்டிகளைப் பிரித்து ஒட்டி, விலங்கின் உருவத்தை நிஜ அளவில் வெட்டி, ஒரு குச்சியில் கட்டி நட்டுவிட்டு ஒரு வாரம் அப்படியே விடுங்கள். தேநீர்க் கோப்பையோடு வெளியே வரும்போது, இரவு விளக்கை அணைக்கும்போது, மழையில், எல்லா நேரமும் பாருங்கள். இரண்டாம் நாளே பாதிப் பேர் இடத்தை மாற்றிவிடுகிறார்கள்.

விலங்குகளை நேரில் பார்த்துத்தான் செய்கிறீர்களா, போட்டோ போதாதா?

போட்டோ வைத்துக்கொள்கிறேன், நிறையவே. ஆனால் போட்டோவுக்கு ஒரு பக்கம்தான் உண்டு, சிற்பத்துக்குச் சுற்றிலும் பக்கம். நாரையின் மார்புக்கூடு முன்னாலிருந்து பார்த்தால் எவ்வளவு ஒடுங்கியிருக்கும் என்று பக்கவாட்டுப் படம் ஒருநாளும் சொல்லாது. அதனால் நேரில் உட்கார்ந்து வரைகிறேன், அருங்காட்சியகங்களில் எலும்புக்கூடுகளை அளக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுச் சிற்பி அந்துவான் லூயி பாரி, பாரிஸின் தாவரத் தோட்டத்தில் இருந்த மிருகக்காட்சிச் சாலையில் இதைத்தான் செய்தார், உயிரோடு இருந்தவற்றை வரைந்தார், இறந்தவற்றை அளந்தார். விலங்குச் சிற்பத்தை ஒரு தனிக் கலையாக மதிக்க வைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

எலும்பு தெரியாமல் செய்தால் என்ன ஆகும்? நாரையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கால் நடுவில் பின்பக்கமாக மடங்குகிறதே, அதை எல்லோரும் முழங்கால் என்று நினைக்கிறார்கள். அது கணுக்கால். நிஜ முழங்கால் மேலே வயிற்று இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. மானின் பின்னங்காலிலும் இதே கதைதான். அதைத் தெரியாமல் செய்த சிற்பத்தைப் பார்த்தால் எங்கே தப்பு என்று உங்களால் சொல்ல முடியாது, ஆனால் "ஏதோ சரியில்லையே" என்று கண் சொல்லிவிடும். நாரையின் கழுத்து வளைவும் அப்படித்தான், அது ரப்பர் குழாய் மாதிரி வளைவதில்லை. ஆறாவது கழுத்தெலும்பு நீண்டு, வேறு விதமாகப் பொருந்தியிருப்பதால் அந்த இடத்தில் வெடுக்கென்று ஒரு கோணம் விழும். அந்தக் கோணம்தான் நாரை. என் முதல் நாரையில் அதை வழுவழுப்பான வளைவாகச் செய்துவிட்டு, மூன்று வாரம் கழித்து ஓர் எலும்புக்கூட்டைப் பார்த்த பிறகு கழுத்தை முழுவதும் வெட்டி எடுத்து மறுபடி கட்டினேன்.

எலும்பு முழுதாகக் கிடைக்காதபோது நல்ல கலைஞரும் தவறுவார். லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் 1854இல் பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் செய்து வைத்த நிஜ அளவு டைனோசர்கள் இன்னும் நிற்கின்றன. அதில் இகுவானோடானுக்கு மூக்கின் மேல் கொம்பு இருக்கும். அது கொம்பே இல்லை, கட்டைவிரல் நகமுள் என்று பிறகுதான் தெரிய வந்தது. அன்று கிடைத்த எலும்புகளை வைத்து அவர் நேர்மையாகச் செய்த வேலை அது, எனக்கு அந்தச் சிற்பங்கள் மேல் மிகுந்த மரியாதை உண்டு.

ரோமம், இறகு எல்லாம் ஒவ்வொன்றாகத் தெரியுமா?

தெரியாது, வேண்டுமென்றேதான். பத்தடி தூரத்திலிருந்து நிஜ மானைப் பார்க்கும்போது நீங்கள் ரோமத்தை எண்ணுவதில்லை. எடை எந்தக் காலில் இருக்கிறது, காது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, இன்னும் அரை நொடியில் ஓடுமா நிற்குமா என்பதைத்தான் பார்க்கிறீர்கள். அது சரியாக வந்துவிட்டால் தோல் தானாக வந்துவிடும்.

பிரான்சுவா பொம்போன் என்ற சிற்பி, புகழ்பெற்ற பிரெஞ்சுச் சிற்பி ரோடினிடம் பல வருஷம் உதவியாளராக இருந்தவர். 1922இல், தன் 67ஆம் வயதில், பாரிஸ் கண்காட்சி ஒன்றில் நிஜ அளவுப் பனிக்கரடி ஒன்றை வைத்தார், அதன் பிறகுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. உடம்பில் ஒரு ரோமம் கிடையாது, வழவழவென்று நடந்து போகிறது. எல்லா விவரத்தையும் முதலில் வைத்துவிட்டுப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடுவது அவர் வழக்கம். அதன் கல் வடிவம் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது, நீளம் சுமார் இரண்டரை மீட்டர். அதைப் பார்த்து யாரும் "ரோமம் எங்கே?" என்று கேட்பதில்லை.

ஒரே ஒரு விலங்குக்கு நான் விதிவிலக்கு வைத்திருக்கிறேன், நீர்நாய். ஒருநாள் விடியற்காலை ஆற்றோரம் உட்கார்ந்திருந்தபோது என்னிடமிருந்து ஒரு மூங்கில் கழி தூரத்தில் ஒன்று கரையேறியது. பின்னங்காலில் எழுந்து, வாலை மூன்றாவது கால் மாதிரி ஊன்றிக்கொண்டு, மூக்கைத் தூக்கிக் காற்றை முகர்ந்தது. கழுத்து எங்கே முடிகிறது, தலை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை, இரண்டும் ஒரே தடிமன். பிறகு உடம்பை ஒரு உதறு உதறியது, அதுவரை எண்ணெய் தடவியது போலப் படிந்திருந்த ரோமம் முழுவதும் கூர்கூராகச் சேர்ந்து நின்றுவிட்டது, ஒவ்வொரு கூரின் நுனியிலும் ஒரு சொட்டு. அந்த ஈரக் கூர்களைச் செய்யாவிட்டால் அது ஆற்றிலிருந்து இப்போதுதான் வந்தது என்பது தெரியாது. அதனால் அதற்கு மட்டும் ரோமம் செய்கிறேன்.

வெண்கலச் சிற்பம் எப்படி உருவாகிறது?

முதலில் இரும்புக் குழாய், கம்பி, கோழிவலை வைத்து உள்கூடு கட்டுகிறேன். முழு வேலையில் இதற்குத்தான் அதிகம் யோசிப்பேன், ஏனென்றால் நிற்கும் விதம் இங்கேயே முடிவாகிவிடுகிறது, இடுப்பு தவறான சாய்வில் இருந்தால் மேலே எவ்வளவு அழகாகக் களிமண் வைத்தாலும் பயனில்லை. அதன் மேல் எண்ணெய்க் களிமண். இது காயாது, விரிசல் விடாது, மாதக்கணக்கில் திருத்தலாம்.

களிமண் உருவம் முடிந்ததும் அதன் மேல் சிலிகோன் ரப்பரால் அச்சு எடுத்து, ரப்பர் நெளியாமல் இருக்க வெளியே ஃபைபர் கிளாஸ் ஓடு போடுவோம். அச்சுக்குள் உருகிய மெழுகைப் பூசினால் சுமார் 5 மி.மீ. தடிமனில் உள்ளே வெற்றான மெழுகு உருவம் கிடைக்கும். அதை உட்கார்ந்து செப்பனிட்டு, உலோகம் உள்ளே போகவும் காற்று வெளியே வரவும் மெழுகுக் குழல்கள் ஒட்டி, திரும்பத் திரும்பப் பீங்கான் குழம்பில் முக்கி, மணல் தூவி, காயவிட்டு, ஓடு கட்டுவார்கள். சூளையில் வைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும். மெழுகு இருந்த வெற்றிடத்தில் சுமார் 1,100 டிகிரி சூட்டில் வெண்கலம் ஊற்றப்படும். ஆறிய பிறகு அந்தப் பீங்கான் ஓட்டை உடைக்கிறோம்.

மான் மாதிரி பெரிய உருவத்தை ஒரே வார்ப்பாக ஊற்றுவது கடினம். உடம்பு, கால், தலை என்று துண்டு துண்டாக வார்த்து வெல்டிங் செய்து, பற்றவைத்த தழும்பு தெரியாமல் உளியால் திரும்பத் தோலைச் செதுக்குகிறோம். ஆறும்போது வெண்கலம் சுமார் 2 சதவீதம் சுருங்கும், 95 செ.மீ. நாரை கிட்டத்தட்ட 2 செ.மீ. குறைந்துவிடும், அதைக் கணக்கில் வைத்துத்தான் களிமண்ணை அளக்கிறேன்.

கடைசியில் நிறம். இது பெயின்ட் கிடையாது. உலோகத்தைத் தீயால் சூடாக்கி ரசாயனக் கரைசல்களைத் தூரிகையால் தொட்டுத் தொட்டு வைப்போம். இரும்பு நைட்ரேட் செம்பழுப்பு தரும், செம்பு நைட்ரேட் பச்சை, பொட்டாசியம் சல்பைடு கரும்பழுப்பு. சூடு இருக்கும்போதே மெழுகு பூசினால் நிறம் உள்ளே அடங்கும்.

வெண்கலம் மட்டும்தானா? வேறு பொருளில் முடியாதா?

முடியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம்.

ஃபைபர் கிளாஸ் லேசானது, மாடித் தோட்டத்துக்கு அதுதான் சரி. ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் அதிலுள்ள பிசினை அரித்து, சில வருஷத்தில் மேற்பரப்பு சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும், மறுபடி பூச வேண்டியிருக்கும். வெண்கலத் தூள் கலந்த பிசினைச் சிலர் வெண்கலம் என்றே விற்கிறார்கள். அது மோசமான பொருள் இல்லை, ஆனால் வாங்குகிறவருக்கு அது பிசின்தான் என்று சொல்லிவிட வேண்டும்.

சிமென்ட் உறுதியானது, உள்ளே இருக்கும் இரும்புதான் அதன் எமன். ஒரு விரிசல் வழியாக ஈரம் போய் இரும்பு துருப்பிடித்தால் துரு பருத்து சிமென்ட்டைப் பிளந்துவிடும். கிரிஸ்டல் பேலஸ் விலங்குகளையும் விரிசல் பார்த்துப் பார்த்துப் பழுதுபார்த்துத்தான் காப்பாற்றி வருகிறார்கள்.

துத்தநாகம் பூசிய கம்பியைப் பின்னிச் செய்யும் விலங்குகள் எனக்கு மிகவும் பிடிக்கும், ஓடுகிற குதிரைக்கும் சண்டைக்கு நிற்கும் முயலுக்கும் அவ்வளவு பொருத்தம், பின்னாலிருக்கும் செடி ஊடாகத் தெரியும். கடலோரத்தில் மட்டும் துத்தநாகம் சீக்கிரம் கரைந்துவிடும். கார்ட்டன் உருக்கு தன் துருவையே போர்வையாக்கிக்கொள்ளும், ஆனால் ஆரம்ப மாதங்களில் துரு நீர் வழிந்து கீழே உள்ள கல் தளத்தைக் கறையாக்கும். உப்புக் காற்றில் அந்தப் போர்வை கெட்டிப்படாமல் உள்ளேயும் அரித்துக்கொண்டே போகும்.

கல்லைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, நான் கல் தச்சன் கிடையாது. ஆனால் கல் கேட்கிறவர்களிடம், கல்லுக்கேற்ற விலங்கைக் கேளுங்கள் என்பேன். மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களுக்குப் பக்கத்தில் ஒற்றைப் பாறையிலிருந்து வெட்டியெடுத்து நிற்கிறதே அந்த யானை, ஏழாம் நூற்றாண்டிலிருந்து நிற்கிறது, அது கல்லின் கனத்தையே யானையின் கனமாக்கிக்கொண்டது. நாரைக் காலைக் கல்லில் கேட்டால் ஒடிந்துவிடும்.

எடை எவ்வளவு? எப்படி நிறுத்துவது?

5 மி.மீ. வெண்கலம் ஒரு சதுர மீட்டருக்கு 44 கிலோ. முழு மான் நூறு கிலோவை எளிதில் எட்டும். அதை விடக் கவலை தருவது ஒற்றைக் காலில் நிற்கும் நாரை, ஏனென்றால் காற்று தள்ளும்போது முழுச் சுமையும் விரல் தடிமனுள்ள ஒரு காலில் இறங்குகிறது. காலுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி ஓடி, மண்ணுக்குள் கான்கிரீட்டில் பதிந்திருக்கும். சாதாரண இரும்புப் போல்ட் போடாதீர்கள், வெண்கலத்தைத் தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருக்கும் இரும்பு மற்ற இடத்தை விட வேகமாக அரிபடும். உறைபனி விழும் ஊர் என்றால் அடித்தளம் மண் உறையும் ஆழத்துக்குக் கீழே போக வேண்டும்.

இன்னொன்று, யாரிடம் வாங்கினாலும் கேளுங்கள்: வயிற்றின் தாழ்வான இடத்தில் நீர் வடியத் துளை இருக்கிறதா? உள்ளே வியர்த்துச் சேரும் தண்ணீர் உறைந்தால் உலோகத்தையே பிளக்கும்.

பச்சையாகிறதே, கெட்டுப்போகிறதா?

அது களிம்பு, செம்பு உள்ள உலோகம் காற்றோடும் மழையோடும் பேசுவது. மெல்லிய, சீரான, ஒட்டிக்கொண்டிருக்கும் பச்சை நல்லது. விரலால் தொட்டால் மாவாக உதிரும் வெளிர்பச்சைப் புள்ளிகள் வந்தால் மட்டும் உடனே சொல்லுங்கள், அது உப்பிலிருந்து வரும் நோய், விட்டால் குழி பறிக்கும்.

வருஷத்துக்கு ஒரு முறை, கடலோரம் என்றால் இரண்டு முறை, காரமில்லாத சோப்பு நீரால் மென்மையாகக் கழுவி, காயவிட்டு, மெழுகு பூசித் துணியால் தேய்த்துவிடுங்கள், போதும். பறவை எச்சத்தை அப்படியே விடாதீர்கள், அதன் அமிலம் நிறத்தைத் தின்னும். தெளிப்பான் தினமும் ஒரே பக்கம் அடித்தால் அந்தப் பக்கம் உப்புப் படலம் வெள்ளையாகக் கட்டும், தெளிப்பானின் முகத்தைத் திருப்பி வையுங்கள். செடி உரமும் அப்படித்தான். பித்தளை பாலிஷ் மட்டும் வேண்டாம், ஒரு மணி நேரத்தில் மாதக்கணக்கான நிற வேலை போய்விடும்.

நிஜப் பறவைகளும் விலங்குகளும் பயந்துவிடாதா?

முதல் சில நாள் சந்தேகமாகப் பார்க்கும். அசையவே இல்லை என்று தெரிந்ததும் தலையில் வந்து உட்கார்ந்துகொள்ளும், எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. மீன் குளத்துக்கு நாரைகள் வராமலிருக்க நாரைச் சிற்பம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், நெடுநாள் பலிக்காது. பறவை உருவம் பறவையைத் துரத்துவதை விடக் கூப்பிடத்தான் உதவியிருக்கிறது. அமெரிக்காவின் நெவாடாவில் லவ்லாக் குகையில் 1924இல் கிடைத்த கோரைப் புல் வாத்துகள் சுமார் 2,000 வருஷம் பழையவை. வேட்டைக்காரர்கள் நிஜ வாத்துகளை இறங்க வைப்பதற்காகப் பின்னியவை. அவற்றைச் செய்தவர்கள் வாத்தை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்க வேண்டும்!

குழந்தைகள் ஏறி விளையாடுவார்களே?

தொடட்டும், கட்டிக்கொள்ளட்டும், அதற்காகத்தான் நிஜ அளவு. இத்தாலியின் ஃபுளோரன்ஸில் சிற்பி பியெத்ரோ தாக்கா பதினேழாம் நூற்றாண்டில் செய்த காட்டுப்பன்றியின் மூக்கை (இப்போது நீரூற்றில் இருப்பது அதன் நகல்) வருகிறவர்கள் எல்லாம் தடவித் தடவிப் பொன்னாக்கியிருக்கிறார்கள், அந்த மினுக்கம் எனக்குப் பிடிக்கும். ஆனால் ஏறுவார்கள் என்று தெரிந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கொம்பின் கூரை மழுக்குவேன், காலுக்குள் கம்பியைத் தடிப்பாக்குவேன், அல்லது படுத்திருக்கும் விலங்கைச் சொல்வேன்.

திருட்டு பயம்?

உண்டு, மறைக்க மாட்டேன். 2005இல் இங்கிலாந்தில் சிற்பி ஹென்றி மூரின் இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வெண்கலச் சிற்பத்தையே கிரேன் லாரியோடு வந்து தூக்கிப் போய்விட்டார்கள், பழைய உலோகமாக உருக்கிவிட்டதாகக் கருதப்படுகிறது. அடித்தளத்தில் ஆழமாகப் பதிப்பது, தெருவிலிருந்து தெரியாத இடத்தில் வைப்பது, எல்லாப் பக்கமும் படம் எடுத்துக் காப்பீட்டில் சேர்ப்பது, இதெல்லாம் செய்யுங்கள்.

ஒரே சிற்பத்தை எத்தனை பேருக்குக் கொடுப்பீர்கள்?

ஓர் அச்சிலிருந்து எட்டு. ஒவ்வொன்றிலும் எண் பொறித்திருக்கும், முடிந்ததும் அச்சை அழித்துவிடுவேன். பிரான்சில் மூல வார்ப்பு என்று சொல்லிக்கொள்ள மொத்தம் 12 தான், எண்ணிட்டவை 8, கலைஞருக்கானவை 4. எண் இல்லாத வார்ப்பை யாராவது மூலம் என்று விற்றால் கேள்வி கேளுங்கள்.

செய்ய எவ்வளவு நாள் ஆகும்? நடுவில் பார்க்க வரலாமா?

புதிதாகச் செய்யும் முயலுக்கு நான்கைந்து மாதம், மானுக்கு ஒரு வருஷம் வரை. விலங்கைக் கவனிக்கும் நாட்கள் இதில் சேராது. நடுவில் கட்டாயம் வாருங்கள், ஆனால் களிமண் நிலையில் வாருங்கள். தலை இன்னும் கொஞ்சம் திரும்பட்டும், காது பின்னால் சாயட்டும் என்றால் அப்போது பத்து நிமிஷத்தில் செய்துவிடலாம். அச்சு எடுத்த பிறகு அதே காதைத் திருப்ப, மெழுகில் அறுத்து ஒட்ட வேண்டும். வெண்கலமான பிறகு வெட்டி வெல்டிங் செய்ய வேண்டும். வரும்போது அட்டையில் வெட்டிய அந்த உருவத்தையும் கொண்டு வாருங்கள், களிமண்ணுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்போம்.